நாலு மணித்தியாலம்

நீர்வேலியில் குகநேசனின் தோட்டத்துப் படலையில்
பச்சை எழுத்தில் ஒரு பலகை:
நஞ்சில்லா நிலம்.
கீழே இன்னும் இரண்டு மொழியில் அதுவேதானாம்.
ஒஸ்லோவில் இருபது வருஷம் பஸ் ஓட்டித் திரும்பியவன்,
பலகையில் குறை வைக்கமாட்டான்.

சில்யே வந்தது மாசி மாசம்.
முதுகைவிடப் பெரிய பை.
காலையில் நாலு மணித்தியாலம் வேலை,
அதற்குச் சோறு, கட்டில், நுளம்புவலை.
காசு இல்லை.
பிளேனுக்குக் காசு கட்டி வந்து
ஒருத்தி சும்மா புல்லுப் பிடுங்குகிறாள் என்று
தேத்தண்ணிக் கடையில் சொன்னேன்.
நம்பின ஆள் ஒன்றுமில்லை.

எங்களைப்போல் குந்தியிருக்க அவளுக்கு ஏலாது.
மாதா கோயிலில் நிற்பதுபோல்
செம்மண்ணில் முழங்கால் ஊன்றி
கோரையை இழுப்பாள். கிழங்கு உள்ளேயே நிற்கும்.
"அடியிலை பிடி" என்பேன்.
"அடியிலை பிடி" என்பாள்.
சொல் மட்டும் வேரோடு வரும்.

மண்ணை அள்ளி மணந்து பார்ப்பாள்.
எனக்கு மண் என்றால் நகக்கண்ணுக்குள் போவது,
தேசிக்காய்த் தோலால் தேய்த்தாலும் போகாதது.
தம்பி இத்தாலியில் தோடம்பழம் பிடுங்குகிறான்.
அவனுக்கும் சோறும் கட்டிலும் உண்டு,
போய்ச் சேர்ந்த கடன் இன்னும் உண்டு.
தோட்டத்தை ஒருநாளும் படமெடுத்து அனுப்பியதில்லை.
சில்யே ஒரு பூசணிப் பூவுக்கே
ஒன்பது படம் அனுப்புவாள்.

அவள் வந்த கிழமை குகநேசன் சொன்னான்:
"தவமலர், இனி மூண்டு நாள் வந்தாக் காணும்."
என் குத்தகைத் துண்டுக்கு யூரியா வாங்க
நஞ்சில்லா நிலத்துச் சம்பளத்தைத்தான்
நம்பியிருந்தேன்.
இதில் சிரிக்க ஒன்று இருக்கிறது.
அன்றைக்குத் தெரியவில்லை.

கோபம் இருந்தது.
அவள் தந்த சொக்கிளேற்றைச் சாப்பிடும்போதும் இருந்தது.

வெங்காயப் பாத்தியில் ஒருநாள்
பெருவிரலைச் சுட்டுவிரலில் உரசிக் கேட்டாள்,
உனக்கு எவ்வளவு?
மண்ணில் எழுதிக் காட்டினேன்.
பக்கத்தில் ஆறு கோடு கீறினேன்.
அவளைக் காட்டி
உள்ளங்கையால் மூன்றை அழித்தேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பம்பைப் போட்டார்கள்.
தண்ணீர் வந்து ஒவ்வொரு கோடாய் வாசித்துவிட்டு
வாய்க்காலோடு போனது.

அடுத்த நாள் அவளுக்கு வேலை மறந்துபோயிற்று.
கத்தரிக்கன்றைப் பிடுங்கிப் புல்லை விட்டாள்.
வெங்காயத்தைத் தலைகீழாய் ஊன்றினாள்.
கயிறு கட்டியும் நிரை,
கள்ளுக் குடித்தவன் வீடு போன வழி.
மடையை மாற்றித் திறந்து
மிளகாய்க்குப் போகிற தண்ணீரை
ஒழுங்கைக்கு அனுப்பினாள்.
குகநேசன் நோர்வே மொழியில் கத்தினான்.
அவளும் அதே மொழியில்
மிகவும் பணிவாக ஏதோ சொன்னாள்.

சனிக்கிழமை பின்னேரம் சைக்கிளில் வந்தான்.
"உந்தப் பிள்ளையை நம்பேலாது.
திங்கள் தொடங்கி ஆறு நாளும் வா."

தெரிந்துதான் செய்தாளா?
கேட்க என்னிடம் மொழி இல்லை.
மூன்று கிழமையாய்
ஒரு கன்றின் இலையும் கசங்கவிடாத கை.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பங்குனிக் கடைசியில் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினாள்.
தன் கையுறையைத் தந்தாள்.
என் விரல் நுனிக்கு மேல்
அரை அங்குலம் காற்று.
மிளகாய் ஆயும்போது மட்டும் போடுவேன்.

தலைகீழாய் ஊன்றினதும் முளைத்தது.
கீழே போய், யோசித்து,
வளைந்து மேலே வந்தது.
வைகாசியில் அந்த நிரையை மட்டும்
தனியாகக் கிண்டித் தராசில் போட்டேன்.
மற்ற நிரையைவிட ஒன்றேகால் கிலோ குறைவு.

குகநேசன் கொப்பியோடு நின்றான்.
கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.